ஏழாம் நம்பர் வண்டியின் ஆரஞ்சு விளக்கு

போன வருஷம் ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏழாம் நம்பர் வண்டி டிரைவர் அண்ணாச்சி போன் போட்டார்.

"சார், அந்த ஆரஞ்சு லைட்டு மறுபடியும் எரியுது. இந்தத் தடவ எஞ்சின் லைட்டும் கூடச் சேந்துட்டு. வண்டி இழுக்கவே மாட்டக்கு. மேட்டுல ரெண்டாவது கியர்லதான் ஏறுது."

"பிள்ளைங்க எத்தன பேரு ஏறியிருக்காங்க அண்ணாச்சி?"

"பதினாறு பேரு. இன்னும் ஒம்பது ஸ்டாப்பிங் பாக்கி கெடக்கு."

சங்கரன்கோவிலுக்கும் திருவேங்கடத்துக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பஸ்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிரிப் ஷீட், டீசல் கணக்கு, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், டிரைவர் லீவு, எந்த ஸ்டாப்பிங்கில் எந்தப் பிள்ளை என்பது வரைக்கும் எல்லாம் என் தலையில். மொத்தம் ஒன்பது வண்டி. அதில் ரெண்டுதான் பி.எஸ்.6, அதாவது பாரத் ஸ்டேஜ் என்று அரசு வகுத்த புகை விதியின் ஆறாம் படி. ஏழாம் நம்பர் அதில் ஒன்று. எங்களிடம் இருப்பதிலேயே புதுசு, சுத்தமானது, அதிகம் கடன் வாங்கி எடுத்தது. அதிக நாள் ஓடாமல் நின்றதும் அதுதான்.

அந்த ஆரஞ்சு விளக்கு ஏன் எரிகிறது என்று புரிந்துகொள்ள எனக்கே ஆறு மாசம் ஆயிற்று. பி.எஸ்.6 வண்டியின் புகைக்குழாய்க்கு நடுவில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான் உருளை. எஞ்சினிலிருந்து வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் புது வண்டியின் சைலன்சருக்குள் விரலை விட்டுத் துடைத்தாலும் கரி ஒட்டுவதில்லை. பிடித்த கரியை எங்காவது கொட்டியாக வேண்டுமே? அதை உள்ளேயே எரித்து வாயுவாக்கி வெளியேற்றும்படி அமைத்திருக்கிறார்கள். வண்டி ஒரே சீராக நல்ல வேகத்தில் ஓடும்போது புகை சூடாகி, கரி தன்னால் எரியும். அது போதாவிட்டால் எஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி எரிக்கும். டிரைவர்கள் மொழியில் "ரீஜென்". அதுவும் நடக்காமல் கரி அடைத்தால்தான் அந்த ஆரஞ்சு விளக்கு எரியும்.

நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது. எங்கள் ஏழாம் நம்பரோ ஒரு டிரிப்புக்கு 22 கிலோமீட்டர் போகிறது. அதற்குள் 19 ஸ்டாப்பிங். முதல் ஸ்டாப்பிங்கிலிருந்து கேட் வரைக்கும் ஒரு மணி அஞ்சு நிமிஷம். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதற்குள் அடுத்த வேப்பமரம், அடுத்த நிழற்குடை, அடுத்த பிள்ளை. பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை எஞ்சின் ஆறிக் கிடக்கும். புகைக்குழாய் சூடாக அவகாசமே இல்லை. எரிக்க ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்த வேண்டியதாகிறது. அப்படிப் பாதியில் நின்றுபோனால் எரியாத டீசல் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஒரு நாள் அண்ணாச்சி ஆயில் குச்சியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். அளவு கூடியிருந்தது. டீசல் வாடை குப்பென்று அடித்தது. "ஆயில் கொறஞ்சாத்தான் பயப்படுவோம். கூடுதுன்னா என்ன சார் செய்ய?" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பழைய மூணாம் நம்பரை அனுப்பினோம். சர்வீஸ் ஆட்கள் லேப்டாப்பை மாட்டிக் கட்டாய ரீஜென் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த லேப்டாப் எங்கள் ஊரில் எந்த மெக்கானிக்கிடமும் கிடையாது. திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் கட்டி இழுத்துப் போனோம். வடிகட்டி அடைத்தது ஒரு பக்கம், அதன் முன்பின் அழுத்தத்தை அளக்கிற சென்சார் போனது இன்னொரு பக்கம். கழற்றிச் சுத்தம் செய்ய 18,000 ரூபாய். சென்சார், ஆயில், இழுவைக் கூலி தனி. ஒன்பது நாள் வண்டி நின்றது.

அந்த ஒன்பது நாளில் நடந்த ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது.

ஏழாம் நம்பர் போகிற வழியில் ஒரு ஊரில் மூணாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். வீசிங் உண்டு. பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நீல நிற இன்ஹேலர் இருக்கும். அவன் அம்மா விடியுமுன் மல்லிகைப் பூப் பறிக்கப் போகிறவர். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பூவை ஏற்றி அனுப்பிவிட்டு, ஏழு மணிக்கு ஓட்டமாக வந்து பையனைப் பஸ் ஏற்றிவிடுவார். அந்த ரூட்டில் முன்பு மூணாம் நம்பர்தான் ஓடியது. அப்போது அவர் பஸ்ஸே வேண்டாம் என்று சொல்லி, ஒரு வருஷம் முழுக்க டி.வி.எஸ். 50-இல் 10 கிலோமீட்டர் கொண்டுவந்து விட்டார். பூப்பறிப்பில் பாதிக் கூலி போயிற்று. ஏழாம் நம்பர் வந்த பிறகுதான் திரும்பப் பஸ்ஸுக்குப் பணம் கட்டினார்.

மூணாம் நம்பர் மாற்று வண்டியாகப் போன முதல் நாள், நானும் அதில் இருந்தேன். அந்த அம்மா பையன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டியைப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் புகையைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "இது அந்த வண்டி இல்லயே சார்" என்றார். "ஒரு வாரம் மட்டும்மா" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. பையனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது நாளில் அவன் பள்ளிக்கு வந்தது நாலு நாள்.

அன்று நான் மூணாம் நம்பரின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். அதுவரை டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டாப்பிங்கில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் பின்கதவின் ரப்பர் இடுக்கு வழியாகப் புகை உள்ளே ஏறுகிறது. காற்று பின்னாலிருந்து வீசினால் ஜன்னல் வழியாகவும் வருகிறது. பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் யாரும் சொல்லாமலே டையைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நாள் பழக்கமோ! இறங்கியபின் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் முதல் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்பெஸ்டாஸும் புகையிலையும் இருக்கிற அதே பட்டியல். குழந்தைகள் உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயசு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 275 பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, பஸ்களில் புகை குறைக்கும் கருவி பொருத்திச் சுத்தமான எரிபொருளையும் பயன்படுத்தியபோது பிள்ளைகளின் மூச்சுப் பாதை அழற்சி குறைந்ததையும் லீவு எடுப்பது குறைந்ததையும் பதிவு செய்திருக்கிறது. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் வருகைப் பதிவேடுதான் கண்ணில் நின்றது.

ஆகவே, "இந்த பி.எஸ்.6 சனியனே வேண்டாம், பழைய வண்டிதான் கெத்து" என்று எங்கள் வட்டாரத்தில் பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கனரக டீசல் எஞ்சின் ஒரு யூனிட் வேலைக்கு வெளியேற்றக்கூடிய கரித்துகள் பி.எஸ்.3-இல் 0.10 கிராம். பி.எஸ்.6-இல் 0.01. நைட்ரஜன் ஆக்சைடு 5 கிராமிலிருந்து 0.40-க்கு வந்திருக்கிறது. டீசலில் கந்தகம் பி.எஸ்.3 காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்கு. இப்போது 10. விதி சரியானது. அது தேவை. பட்டணத்துப் பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கரிசல்காட்டுப் பிள்ளைக்கும் தேவை. என் சண்டை எல்லாம் அதன் பில்லை யார் தலையில் கட்டினார்கள் என்பதில்தான்.

பி.எஸ்.5-ஐத் தாண்டி நேரே பி.எஸ்.6-க்குப் போவது என்று 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ்.4 வண்டி விற்கவோ பதியவோ கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தத் தேதி வந்தபோது ஊரடங்கு ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளி ஒன்றாம் வகுப்பிலிருந்து முழுதாகத் திறந்தது 2021 நவம்பரில். அந்த ஒன்றரை வருஷமும் பஸ் கட்டணம் ஒரு பைசா வரவில்லை. பேட்டரி இறங்கி, டயர் வெடித்து, சீட்டுக்குள் எலி கூடு கட்டியது. ரெண்டு வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துத்தான் சம்பளம் போட்டார் தாளாளர். கையில் காசே இல்லாத நேரத்தில் சந்தையில் இருந்த புது வண்டி எல்லாமே விலை ஏறிய வண்டி.

கணக்கை வெளிப்படையாகவே வைக்கிறேன். நாங்கள் வாங்கிய கொட்டேஷன்களில் 40 சீட் வண்டிக்குப் பழைய விலையைவிடச் சுமார் மூன்றரை லட்சம் கூடுதல். பத்து வருஷத்துக்கும் 40 பிள்ளைகளுக்கும் பிரித்தால் வருஷத்துக்கு 875 ரூபாய். நாங்கள் பத்து மாசம்தான் கட்டணம் வாங்குகிறோம், ஆக மாசம் 87. அடுத்தது ஆட்ப்ளூ என்கிற யூரியா தண்ணீர். நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தப் புகைக்குழாயில் தெளிக்கிற திரவம் அது. மாசம் ஒரு 20 லிட்டர் வாளி, எங்களுக்கு 1,400 ரூபாய் ஆகிறது. பிள்ளைக்கு 35. வருஷம் ஒருமுறை வடிகட்டிச் சுத்தம் என்று வைத்தால் 45. கூட்டினால் ஒரு பிள்ளைக்கு மாசம் கிட்டத்தட்ட 170 ரூபாய், வங்கி வட்டியைச் சேர்க்காமல். எங்கள் பஸ் கட்டணம் 800. தறிக்குப் போகிற, பூப்பறிக்கிற, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வீடுகள் இவை. ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மாசம் 340 ரூபாய் என்றால் அது ஒரு கேஸ் சிலிண்டரில் மூணில் ஒரு பங்குக்கு மேல் வரும்.

இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. பள்ளி தன் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கும் கட்டணத்துக்கு வரி இல்லை என்பதால், பஸ் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. நாங்கள் வாங்கியபோது பஸ்ஸுக்கு வரி 28 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் 18 ஆனது. புகை குறைக்கும் கருவிக்காக ஏறிய விலையின் மேலும் அந்த வரி சேர்ந்தே விழுந்தது.

இவ்வளவு தூரம் கணக்குப் போட்டபிறகு ஒரு சின்னப் பள்ளி என்ன செய்யும்? பழைய வண்டி வாங்கும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் பெரிய பள்ளிகள் பத்து வருஷம் ஓட்டிக் கழிக்கிற வண்டிகள் புரோக்கர் மூலம் எங்கள் பக்கம் வருகின்றன. மஞ்சள் பெயின்ட் புதுசாக அடித்து, பெயரை மாற்றி எழுதினால் ஜூன் மாசம் ரோட்டில். எங்கள் மூணாம் நம்பரும் அப்படி வந்ததுதான். 15 வருஷம் தாண்டிய பெரிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 12,500 ரூபாய் என்று மத்திய அரசு உயர்த்தியது, பழைய வண்டி கழியட்டும் என்று. வருஷம் அந்தக் கட்டணத்தைக் கட்டுவது எளிதா, 25 லட்சம் கடன் வாங்குவது எளிதா? பட்டணத்தில் குறைந்த புகை இப்படித்தான் எங்கள் பிள்ளைகளைத் தேடி வந்து சேர்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. என் தாளாளர் தன் நகையை அடகு வைத்துச் சம்பளம் போட்டவர். அவரும் இந்த வருஷம் ஒரு பழைய பி.எஸ்.4 வண்டியைப் பார்த்துவிட்டு வந்து என் மேஜையில் படத்தை வைத்தார்.

குறுக்கு வழியும் கதவைத் தட்டாமல் இல்லை. வடிகட்டி இரண்டாம் தடவை அடைத்தபோது ஒரு ஆள் வந்தார். உள்ளே இருக்கிற தேன்கூட்டை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றிவிட்டால் அந்த விளக்கே எரியாது, வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது என்றார். அது சட்டப்படி குற்றம். அதோடு, புது வண்டி என்று நம்பி ஏறுகிற அந்தப் பையனுக்குப் பழைய புகையைக் கொடுப்பது. அண்ணாச்சிதான் முதலில் முடியாது என்றார். இன்னொரு பக்கம், யூரியா தண்ணீர்தானே என்று வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்து ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். 45 கிலோ மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். அந்த யூரியா வேப்பெண்ணெய் பூசியது. எங்கள் போர் தண்ணீரோ உப்பு. ரெண்டும் சேர்ந்து போய்ப் படிந்தால் உள்ளே இருக்கிற வினையூக்கி நாசமாகிவிடும். தொட்டியில் சரியான திரவம் இல்லை என்று கண்டுபிடித்தால் வண்டி முதலில் இழுவையைக் குறைக்கும், அப்புறம் மணிக்கு 20 கிலோமீட்டரில் முடக்கிவிடும். விவசாயிக்கான மானிய யூரியாவை இதற்குத் திருப்புவதும் தப்பு. 32.5 சதவீதத்தில் சுத்தமான தண்ணீரில் கலந்த திரவத்தைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்று எங்கள் ஷெட்டில் சுண்ணாம்பில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். வாரம் ஒரு நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு எஞ்சின் சூடு ஆறுமுன் ஏழாம் நம்பரைக் காலியாகத் திருநெல்வேலி ரோட்டில் கொண்டுபோகிறார் அண்ணாச்சி. பள்ளி வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு அளவுக்கு மேல் விடாது. அதுவே போதும், சீராக ஓடினால். ஒரு தடவை கூடப் போனேன். பதினோராவது கிலோமீட்டரில் எரியத் தொடங்கியதற்கான விளக்கு வந்தது. பத்தொன்பதாவதில் அணைந்தது. அதற்குள் நிற்கக் கூடாது, எஞ்சினை அணைக்கக் கூடாது. நடுவில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தபோது அண்ணாச்சி பிரேக்கில் கால் வைத்தபடி ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டு, "போயிரு தாயி, போயிரு" என்று ஆடுகளைக் கெஞ்சினார். ஒருமுறை போய்வர ஏழு லிட்டர் டீசல். திரும்பி வந்ததும் வண்டியை எங்கும் ஓரமாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஷெட்டுக்குப் பின்னால் பக்கத்துக் காட்டுக்காரர் பருத்திமார் படப்பு, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குவியல், போட்டிருக்கிறார். சைலன்சர் சூட்டில் ஒரு சருகு பற்றினாலும் போச்சு.

பயிற்சியால் ஆகிறது இவ்வளவுதான். மீதிக்குப் பணமும் கருவியும் வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளி பஸ்ஸின் தரை ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தபோது தமிழ்நாடே பதறியது. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அந்த வருஷமே வந்தன. அதன் பலன் கண்ணெதிரே தெரிகிறது. மே மாசம் மைதானத்தில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, தரைப் பலகையிலிருந்து அவசரக் கதவு வரை தட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை கண்ணுக்குத் தெரியும், புகை செய்வது தெரியாது. அதே மே மாச மைதானத்துக்கு ஒரு லேப்டாப்பும் ஒரு ஆளும் வந்து, ஒவ்வொரு பி.எஸ்.6 வண்டியின் வடிகட்டியில் எவ்வளவு அடைப்பு என்று சொன்னால் பாதிச் செலவு வருமுன் நிற்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அரசுப் போக்குவரத்துக் கழகமும் பி.எஸ்.6 பஸ் ஓட்டுகிறது. தாலுகா ஊர்களில் பணிமனை இருக்கிறது, பழகிய கை இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கே பள்ளி வண்டிகளுக்கும் ரீஜென் போட்டுக் கொடுக்கலாம். 50 கிலோமீட்டர் கட்டி இழுக்கிற கூலியைவிட எதுவும் அதிகமாக இருக்கப் போவதில்லை. புது வண்டிக் கடனுக்கு, கிராமத்துச் சின்னப் பள்ளிகளுக்கு மட்டுமாவது வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம். அமெரிக்கா விதியை மட்டும் போட்டுவிட்டு நிற்கவில்லை. பழைய பள்ளி பஸ்களை மாற்ற 2021 சட்டத்தில் ஐந்து வருஷத்துக்கு 500 கோடி டாலர் ஒதுக்கி, கிராமப்புற, ஏழை வட்டாரங்களுக்கு முன்னுரிமை என்று எழுதியது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லைதான். முன்னுரிமை என்று எழுதப் பணம் தேவையில்லையே.

தாளாளர் வைத்த படம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அந்த பி.எஸ்.4 வண்டி ஒன்பதரை லட்சம். புகையை நேரில் பார்த்தேன், மூணாம் நம்பர் அளவுக்கு மோசமில்லை. வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அந்த 170 ரூபாய்க் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டப்போகிறேன். அதில் பாதியைப் பள்ளி ஏற்பதாகத் தாளாளரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். மீதி 85-க்கு எத்தனை கை உயரும் என்று தெரியவில்லை.

அந்தப் பையனின் அம்மா இப்போதெல்லாம் காலை ஆறரைக்குப் போன் போடுகிறார். பின்னால் பூக்காட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது, ஒரே கேள்விதான்.

"சார், இன்னிக்கு எந்த வண்டி வருது?"